1918: நெதர்லாந்தில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் பிறந்த தேர்தல்

நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு 1918 ஜூலை 3 அன்று நடந்த தேர்தலில் மூன்று மாற்றங்கள் ஒருசேர நடைமுறைக்கு வந்தன. 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவரும், சொத்து, வரி, கூலி என்று எந்தக் கணக்கும் பார்க்கப்படாமல், வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற பழைய ஏற்பாடு கைவிடப்பட்டு, நாடு முழுவதும் ஒரு கட்சி பெற்ற மொத்த வாக்குகளின் அளவுக்கேற்ப அவையின் 100 இடங்களும் பகிரப்பட்டன. வாக்குரிமை உள்ளவர் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கு வந்தே ஆக வேண்டும் என்பதும் சட்டமாகியிருந்தது. இந்த மூன்றில் இரண்டாவதாகச் சொன்ன விகிதாசாரப் பிரதிநிதித்துவம் எப்படி இயங்குகிறது, அதை அந்த நாடு ஏன் ஏற்றது, ஏற்றதனால் அங்கே என்ன நேர்ந்தது என்பதை, அந்த முறைக்கே புதியவரான வாசகரை மனத்தில் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் பழைய முறையைப் பார்த்துவிட வேண்டும். 1897 முதல் 1917 வரை நெதர்லாந்து 100 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தொகுதியில் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றவரே வெற்றி பெற்றவர். எவருக்கும் அந்த அளவு கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்களுக்கிடையே இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு நடக்கும். அதிக வாக்கு பெற்றவர் 30 சதவீதத்திலேயே வென்றுவிடும் முறையைவிட இது நியாயமானது என்று தோன்றலாம். ஆயினும் தோற்ற வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் அனைத்தும், இங்கும் அந்தத் தொகுதியோடு செத்துப்போயின.

அந்தச் சேதம் எல்லார் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. தெற்கே லிம்பர்க், வடக்கு பிரபாண்ட் ஆகிய மாகாணங்களில் மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். அங்கே பல தொகுதிகளில் கத்தோலிக்க வேட்பாளரை எதிர்த்து நிற்பதற்கே ஆள் இருக்காது. போட்டியின்றித் தேர்வு நடந்துவிடும். அதே கத்தோலிக்கர் வடக்கு மாகாணங்களில் சிறுபான்மையாகச் சிதறி வாழ்ந்ததால், தம் வேட்பாளர் வெற்றி பெறுவார் என்ற நம்பிக்கையே இல்லாமல், இரண்டாம் சுற்றில் எந்தச் சீர்திருத்தத் திருச்சபைக்காரரை, அதாவது எந்தப் புராட்டஸ்டன்டை, ஆதரிப்பது என்பதை முடிவு செய்யும் துணைப்படையாகவே இருந்தார்கள். சோசலிஸ்டுகளின் நிலையும் அதுவே: பெருநகரங்களிலும் தொழில் பகுதிகளிலும் வலுவாகவும், மற்ற இடங்களில் தோற்பதற்கென்றே நிற்பவர்களாகவும் இருந்தனர். இரண்டாம் சுற்றில் யார் யாரைத் தாங்குவது என்ற பேரங்களில்தான் பல இடங்களின் முடிவு தீர்மானமாயிற்று.

இனி வாக்குரிமைக்கு வருவோம். 1848 அரசியலமைப்பு நேரடித் தேர்தலைக் கொண்டுவந்தபோது, வரி கட்டும் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை கிடைத்தது. வயது வந்த ஆண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்று சொல்லலாம். 1887இல் செய்த திருத்தம், ‘தகுதிக்கும் சமூக நல்வாழ்வுக்கும் உரிய அடையாளங்கள்’ உள்ள ஆண்கள் வாக்களிக்கலாம் என்றது. அந்த அடையாளங்கள் எவை என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் என்பதால் அதற்கு ‘ரப்பர் விதி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1896இல் அமைச்சர் சாம் ஃபன் ஹௌட்டன் கொண்டுவந்த சட்டம் அந்த ரப்பரை ஓரளவு இழுத்தது. நேரடி வரி கட்டுபவர், குறிப்பிட்ட வாடகை தருபவர், குறிப்பிட்ட கூலி பெறுபவர், சேமிப்பு வங்கியில் பணம் வைத்திருப்பவர், சில தேர்வுகளில் தேறியவர் என்று ஐந்து வகை வாக்காளர்களை அது உருவாக்கியது. சேமிப்புப் புத்தகத்தில் உள்ள தொகையைக் கொண்டு ஒருவர் குடிமகனாகச் செயல்படத் தக்கவரா என்று அளக்கும் இந்த ஏற்பாடு இன்று வேடிக்கையாகத் தெரிந்தாலும், அதன் வழியாகவே 1913க்குள் வயது வந்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்காளர் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

வெளியே நின்ற மூன்றில் ஒரு பங்கினருக்காகக் குரல் கொடுத்தது சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி. அதன் தலைவர் பீட்டர் யெல்லஸ் ட்ரூல்ஸ்ட்ரா, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், கவிஞரும்கூட. 1911, 1912 ஆகிய ஆண்டுகளில் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, அரசி நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைக்கும் நாளில், ஹேக் நகரத் தெருக்களில் கட்சி நடத்திய பேரணிகள் ‘சிவப்புச் செவ்வாய்’ என்று பெயர் பெற்றன. 1911இல் சர்வசன வாக்குரிமை கோரி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவும் கொடுக்கப்பட்டது.

பள்ளிக்கூடத்துக்கு ஈடாக வாக்குரிமை

வாக்குரிமைக்கான போராட்டம் மட்டுமே இந்தத் தேர்தலைக் கொண்டுவந்துவிடவில்லை. அதனோடு சம்பந்தமே இல்லாதது போல் தோன்றும் இன்னொரு சண்டை, அதைவிட நெடுங்காலமாக நடந்துகொண்டிருந்தது. அரசுப் பள்ளிகளுக்கு அரசுப் பணம். கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் தம் பிள்ளைகளைத் தம் சமயநெறிப்படி கற்பிக்க நடத்திய பள்ளிகளுக்கு அவர்களுடைய சொந்தப் பணம் என்பது நிலைமை. 1878இல் லிபரல் அரசு பள்ளிகளின் தரத்தை உயர்த்தும் சட்டம் கொண்டுவந்தபோது, அதற்காகும் செலவைச் சமயப் பள்ளிகள் தாமே சுமக்க வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று அரசரிடம் லட்சக்கணக்கானோர் மனு கொடுத்தனர். அந்த மனு இயக்கத்தின் சூட்டில்தான் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஆபிரகாம் கைப்பர் 1879இல் நாட்டின் முதல் முறையான கட்சியான புரட்சி எதிர்ப்புக் கட்சியைத் தொடங்கினார். கட்சி என்ற அமைப்பே அந்த நாட்டில் பள்ளிக்கூடச் சண்டையில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1889இல் சமயப் பள்ளிகளுக்குச் சிறு மானியம் கிடைத்தாலும் சமத்துவம் கிடைக்கவில்லை.

1913 தேர்தல் இந்த இரண்டு சண்டைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. சமயக் கட்சிகளின் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. லிபரல் கட்சிகள் மூன்றும் சேர்ந்து நாற்பதுக்கு அருகில் இடங்கள் பெற்றிருந்தன. சோசலிஸ்டுகள் துணை நின்றால்தான் அவர்களால் ஆள முடியும். அமைச்சரவையில் சேர அழைப்பு வந்தபோது, முதலாளித்துவ அரசில் பங்கேற்பதில்லை என்று சோசலிஸ்டுகள் மறுத்துவிட்டனர். அதன் பின் பீட்டர் கோர்ட் ஃபன் டெர் லிண்டன் என்ற லிபரல் சட்ட அறிஞர், எந்தக் கட்சிக் கூட்டணியையும் சாராத ஓர் அமைச்சரவையை அமைத்தார். இரண்டு கேள்விகளையும் தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு தரப்பு தோற்க வேண்டியிருக்கும். சேர்த்து எடுத்தால் எல்லாத் தரப்புக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பது அவருடைய அரசின் கணக்கு. பள்ளிக்கூட நிதிக்கு ஒரு குழுவும் விகிதாசார முறைக்கு ஒரு குழுவும் அமைக்கப்பட்டன. 1914இல் உலகப் போர் மூண்டது. நெதர்லாந்து நடுநிலை வகித்தாலும் படை திரட்டப்பட்டு எல்லையில் நின்றது. அந்தச் சூழல் கட்சிகளின் சண்டைக் குணத்தையும் தணித்தது.

1917இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அந்நாட்டு வரலாற்றில் ‘சமாதான உடன்பாடு’ என்றே பெயர். சமயக் கட்சிகள் தம் பள்ளிகளுக்கு முழு நிதிச் சமத்துவம் பெற்றன. சோசலிஸ்டுகளும் முற்போக்கு லிபரல்களும் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை பெற்றனர். திருத்தத்தை இரண்டாம் முறை நிறைவேற்றுவதற்கு முன் அவையைக் கலைத்துத் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அந்தத் தேர்தலை 1917 ஜூனில் பெயரளவுக்கு நடத்திவிடுவது என்று பெரிய கட்சிகள் பேசி வைத்துக்கொண்டு, ஒருவருக்கெதிராக ஒருவர் நிற்காமல் இருந்த உறுப்பினர்களையே திரும்பத் தேர்ந்தெடுக்க வழிவிட்டன. தொகுதி முறையில் நடந்த கடைசிப் பொதுத்தேர்தல், போட்டியே பெரும்பாலும் இல்லாத ஒரு தேர்தலாக முடிந்தது.

இந்தப் பேரத்தில் விகிதாசார முறை எங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்பதுதான் புதியவர்கள் தவறவிடும் இடம். எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டு, தொகுதி முறையை அப்படியே வைத்திருந்தால், புதிதாக வரும் ஏழை வாக்காளர்கள் தொகுதி தொகுதியாகத் தம்மைத் துடைத்தெறிந்துவிடுவார்கள் என்று லிபரல்கள் அஞ்சினார்கள். சோசலிஸ்டுகளுக்கோ சிதறி வீணாகும் வாக்குகள் எண்ணப்பட வேண்டும். வடக்குக் கத்தோலிக்கருக்கும் தெற்குச் சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் முதன்முறையாகத் தம் வாக்கு தம் கட்சிக்கே போய்ச் சேரும். குடும்பத் தலைவருக்கு மட்டுமே வாக்கு என்ற கொள்கையை நெடுங்காலம் பற்றியிருந்த கைப்பரின் கட்சிக்காரர்கள்கூட, வாக்குரிமை எவ்வளவு விரிந்தாலும் தம் பங்கு குறையாது என்ற உறுதி கிடைத்த பிறகே இறங்கி வந்தார்கள். ஆக, ஒருவரையொருவர் நம்பாத நான்கு தரப்புகள், எவரும் எவரையும் முழுதாக விழுங்கிவிட முடியாதபடி போட்டுக்கொண்ட காப்பீட்டு ஒப்பந்தம் இது. ஜனநாயகத் தத்துவ நூல்களிலிருந்து யாரும் இதைக் கண்டெடுத்து வரவில்லை என்பதே என் கருத்து. பெல்ஜியம் 1899இலும் ஃபின்லாந்து 1906இலும் இம்முறையை ஏற்றிருந்ததால், முன்னுதாரணத்துக்கும் குறைவில்லை.

ஓர் இடத்துக்கு எத்தனை வாக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். விகிதாசார முறையின் அடிப்படைக் கேள்வி இது: அவையில் ஓர் இடம் பெற எத்தனை வாக்கு வேண்டும்? செல்லுபடியான மொத்த வாக்குகளை மொத்த இடங்களால் வகுத்தால் விடை வரும். 1918இல் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 13 லட்சத்து 44 ஆயிரம், இடங்கள் 100, எனவே ஓர் இடத்துக்குரிய வாக்குகள் சுமார் 13,440. இந்த எண்ணை ‘வகுஎண்’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சியின் வாக்குகளில் எத்தனை முழு வகுஎண்கள் அடங்குகின்றனவோ அத்தனை இடங்கள் அதற்கு உடனே உரியவை.

கத்தோலிக்கக் கட்சி சுமார் 4 லட்சத்து 3 ஆயிரம் வாக்குகள் பெற்றது. அதில் 29 முழு வகுஎண்கள் அடங்கின. முப்பதாவதுக்கு மயிரிழை குறைந்தது. சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் 2 லட்சத்து 96 ஆயிரம் வாக்குகளில் 22 வகுஎண்கள் அடங்கின, மிச்சம் ஏதோ சில நூறு வாக்குகள். கைப்பரின் கட்சிக்கு 13, அதிலிருந்து பிரிந்த கிறிஸ்தவ வரலாற்று ஒன்றியத்துக்கு 6, லிபரல் ஒன்றியத்துக்கு 6, தாராளச் சிந்தனை ஜனநாயகக் கழகத்துக்கு 5, சுதந்திர லிபரல்களுக்கு 3, நிதியமைச்சராக இருந்த ட்ரூப் தொடங்கிய பொருளாதாரக் கழகத்துக்கு 3, அந்த ஆண்டின் இறுதியில் கம்யூனிஸ்ட் கட்சி என்று பெயர் மாற்றிக்கொள்ளவிருந்த இடதுசாரி சமூக ஜனநாயகவாதிகளுக்கு 2. இவற்றைக் கூட்டினால் 89 வரும். மீதி 11 இடங்களை யாருக்குக் கொடுப்பது?

இங்கேதான் மிச்ச வாக்குகள் முக்கியத்துவம் பெறுகின்றன. முழு வகுஎண்களைக் கழித்த பிறகு யாருடைய கையில் அதிக மிச்சம் இருக்கிறதோ அவருக்கு முதலில் ஓர் இடம், அடுத்த பெரிய மிச்சத்துக்கு அடுத்த இடம் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கத்தோலிக்கக் கட்சி தன் முப்பதாவது இடத்தையும், சுதந்திர லிபரல்கள் தம் நான்காவதையும், கிறிஸ்தவ வரலாற்று ஒன்றியம் தன் ஏழாவதையும் இப்படிப் பெற்றன. எஞ்சிய எட்டு இடங்கள், ஒரு முழு வகுஎண்ணைக்கூட எட்டாத எட்டுச் சிறு கட்சிகளுக்கு ஆளுக்கொன்றாகப் போயின. வகுஎண்ணில் பாதியைத் தாண்டிய எவரும் இந்தப் பங்கீட்டில் கலந்துகொள்ளலாம் என்பது அந்த ஆண்டின் விதி. வேறு விதமாகச் சொன்னால், நாட்டில் இருநூறு வாக்குக்கு ஒன்று கிடைத்தால் போதும். நாடாளுமன்றத்தின் கதவு திறந்துவிடும்.

அந்தக் கதவின் வழியே உள்ளே வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே! வணிகக் கேளிக்கை நாடகங்களால் நாடறிந்திருந்த ஹென்ரி டெர் ஹால் ‘நடுநிலைக் கட்சி’யின் பெயரில் வந்தார். தென் ஹாலந்தின் விவசாயி ஆரெண்ட் பிராட் கிராமத்தார் சங்கத்தின் சார்பில் வந்து, பின்பு பல ஆண்டுகள் அவையில் இருந்தார். கிறிஸ்தவ சோசலிஸ்டுகளின் சார்பில் பாதிரியார் ஒருவர். சிறுவணிகர்களின் கட்சிக்கு ஒருவர். இராணுவத்தை ஜனநாயகப்படுத்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்காக அமைந்த சங்கத்துக்கும் ஒருவர். நான்கு ஆண்டுகளாக எல்லையில் படைவீரர்கள் நின்றிருந்த நாட்டில் அந்தக் கடைசிச் சங்கத்துக்கு வாக்கு விழுந்ததில் வியப்பில்லை. மொத்தம் 17 கட்சிகள் அவையில் அமர்ந்தன. பெரிய கட்சிகள் முகம் சுளித்தன. அடுத்த தேர்தலுக்குள் பாதி வகுஎண் என்ற அளவை முக்கால் ஆக்கினார்கள். 1930களில் அது முழு வகுஎண்ணாயிற்று.

வாக்காளரின் கையில் இருந்த சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிர்வாக வசதிக்காக நாடு 18 தேர்தல் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆனால் இடங்கள் வட்டத்துக்குள் பங்கிடப்படவில்லை, நாடு தழுவிய கூட்டுத்தொகையை வைத்தே பங்கிடப்பட்டன. சீட்டில் கட்சிகளின் வேட்பாளர் பட்டியல்கள் அச்சிடப்பட்டிருக்கும். வாக்காளர் ஒரு பட்டியலில் உள்ள ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பார். பெரும்பாலோர் பட்டியலின் முதல் பெயரையே தேர்ந்தெடுப்பது வழக்கமாகிவிட, பட்டியலில் யாரை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்யும் கட்சித் தலைமையின் கை ஓங்கியது. உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது. பட்டியலில் அடுத்திருப்பவர் வந்துவிடுவார். தொகுதிக்காரருக்கு ‘எங்கள் எம்.பி.’ என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இருந்தார். அவர் 1918இல் காணாமற் போனார். விகிதாசார முறையின் உண்மையான இழப்பு என்று நான் கருதுவது இதைத்தான். கட்சிகளின் எண்ணிக்கை பெருகியதை அல்ல.

கட்டாயமாக வாக்குச்சாவடிக்கு

வாக்குகளின் விகிதமே அவையின் விகிதம் என்றால், வராதவர்கள் அந்த விகிதத்தைக் கோணலாக்கிவிடுவார்கள் என்ற வாதத்தின் பேரில், விகிதாசார முறையோடு கட்டாய வருகையும் சட்டத்தில் சேர்ந்தது. வந்து தலையைக் காட்டிவிட்டு வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடலாம். ஆனால் வராமல் இருந்தால் அபராதம். இதை எதிர்த்தவர்கள் 1921இல் ஆம்ஸ்டர்டாம் நகரசபைத் தேர்தலில் செய்த குறும்பு இன்றும் அந்த ஊரில் பேசப்படுவது. கட்டாயப்படுத்தினால் எதற்கு வாக்கு விழும் என்று காட்டுகிறோம் என்று சொல்லி, கலகக்காரர்களும் கலைஞர்களும் சேர்ந்து ‘ஹட்-யெ-மெ-மார்’ என்ற பட்டப்பெயரால் ஊருக்குத் தெரிந்த குடிகாரத் தெருவாசி ஒருவரை வேட்பாளராக நிறுத்தினார்கள். அவர் வெற்றியும் பெற்றார். ஆயினும் நகரசபையில் அவர் உட்காரவே இல்லை. கட்டாய வருகை 1970 வரை நீடித்தது. 1967 நாடாளுமன்றத் தேர்தலில் 95 சதவீதத்தை ஒட்டியிருந்த வருகை, கட்டாயம் நீங்கிய பிறகு நடந்த 1971 தேர்தலில் 79 சதவீதமாக இறங்கியது.

பெண்களின் நிலை இந்தத் தேர்தலில் விசித்திரமானது. 1883இல் மருத்துவர் அலெட்டா யாகோப்ஸ், வரி கட்டுகிறேன், ஆகவே பட்டியலில் என் பெயரையும் சேருங்கள் என்று ஆம்ஸ்டர்டாமில் கேட்டபோது, சட்டத்தில் ஆண் என்று எழுதப்படவில்லை என்ற உண்மை அதிகாரிகளுக்கு உறைத்தது. 1887 திருத்தத்தில் ‘ஆண்’ என்ற சொல்லைச் சேர்த்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். 1917 திருத்தம் பெண்கள் தேர்ந்தெடுக்கப்படலாம் என்றது. வாக்களிக்கலாம் என்று சொல்லவில்லை, பிற்பாடு ஒரு சாதாரணச் சட்டத்தால் அந்த உரிமையைக் கொடுக்கலாம் என்று மட்டும் வழிவிட்டது. ஆகவே 1918இல் பெண்கள் வேட்பாளர்களாக நின்றார்கள். அவர்களுக்கு வாக்குப் போட்டவர்கள் ஆண்கள் மட்டுமே. யாகோப்ஸும் நின்று தோற்றார். ராட்டர்டாமில் ஆசிரியையாக இருந்த சூஸ க்ரூனவெக், சோசலிஸ்டுகளின் பட்டியலில் நின்று வென்று, தனக்கே வாக்களிக்க உரிமையில்லாத நிலையில் அவையின் முதல் பெண் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, லிபரல் உறுப்பினர் ஹென்ரி மார்ஷாங் கொண்டுவந்த தனி மசோதா பெண்களுக்கும் வாக்குரிமையளித்தது. அவர்கள் முதன்முதலாக வாக்களித்த பொதுத்தேர்தல் 1922இல் நடந்தது. பெண்கள் ஓட்டுப்போடவே கூடாது என்ற கொள்கை கொண்ட கண்டிப்பான சீர்திருத்தத் திருச்சபைக் கட்சியான எஸ்.ஜி.பி. தன் முதல் இடத்தைப் பெற்றதும் அதே 1922 தேர்தலில்தான். அதன் பிறகு இன்றுவரை அக்கட்சி அவையை விட்டு நீங்கவில்லை.

முடிவுகள் யாரை உயர்த்தின, யாரை வீழ்த்தின?

சோசலிஸ்டுகள் வாக்குரிமையைத் தம் வாழ்நாள் கோரிக்கையாகக் கொண்டிருந்தவர்கள். அது கிடைத்த நாளில் தொழிலாளர் அனைவரும் தம் பக்கம் திரள்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 22 இடங்கள் கிடைத்தன. புதிய வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தம் வகுப்பைப் பார்க்கவில்லை, தம் தேவாலயத்தைப் பார்த்தார்கள். கத்தோலிக்கத் தொழிலாளி கத்தோலிக்கக் கட்சிக்கும், சீர்திருத்தத் திருச்சபை விவசாயி தன் திருச்சபைக் கட்சிக்கும் வாக்களித்தார். சங்கம், பள்ளி, செய்தித்தாள், மருத்துவமனை என்று வாழ்க்கையின் ஒவ்வொரு துறையிலும் கத்தோலிக்கர், சீர்திருத்தத் திருச்சபையினர், சோசலிஸ்டுகள், லிபரல்கள் எனத் தனித்தனியே அடுக்குகளாக வாழ்ந்த அந்தச் சமூக அமைப்பு, புதிய முறையில் பிழையின்றி எண்ணப்பட்டது. ட்ரூல்ஸ்ட்ராவின் ஏமாற்றம் சில மாதங்களில் வேறு வடிவம் எடுத்தது: 1918 நவம்பரில் ஜெர்மனியில் புரட்சி வெடித்தபோது, நெதர்லாந்திலும் ஆட்சி தொழிலாளர் கைக்கு வரும் நேரம் வந்துவிட்டது என்று அவர் பேசிவிட்டார். எவரும் பின்தொடரவில்லை, ஒரு வாரத்துக்குள் ஹேக் நகரத் திடலில் அரசி வில்ஹெல்மினாவை ஆதரித்து மக்கள் திரண்டார்கள்.

லிபரல்களுக்கு நேர்ந்தது பெருவீழ்ச்சி. திருத்தத்தை நிறைவேற்றிக் கொடுத்த அரசு அவர்களுடையது. ஏறத்தாழ நாற்பது இடங்களோடு இருந்த மூன்று லிபரல் கட்சிகளும் சேர்ந்து 15 இடங்களோடு திரும்பின. இதைக் கண்டு விகிதாசார முறையே அவர்களைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. தொகுதி முறையே நீடித்து வாக்குரிமை மட்டும் விரிந்திருந்தால், அந்தப் பதினைந்தும் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

உயர்ந்தவர்கள் கத்தோலிக்கர். 30 இடங்களோடு அவர்கள் அவையின் மிகப்பெரிய கட்சியானார்கள். சீர்திருத்தத் திருச்சபையை அடையாளமாகக் கொண்ட நாடு என்று தன்னைக் கருதிய ஒரு தேசத்தில், கத்தோலிக்கர் நெடுங்காலம் இரண்டாம் நிலைக் குடிகளாக எண்ணப்பட்டவர்கள். அவர்களுடைய நாடாளுமன்றத் தலைவர் வில்லெம் நோலன்ஸ் ஒரு பாதிரியார். பாதிரியார் பிரதமராவது நாட்டுக்குப் பொறுக்காது என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, லிம்பர்க் மாகாண ஆளுநராக இருந்த ஷார்ல் ரௌஸ் டி பேரன்புரூக் 1918 செப்டம்பர் 9 அன்று முதல் கத்தோலிக்கப் பிரதமரானார். கத்தோலிக்கர் 30, கைப்பரின் கட்சி 13, கிறிஸ்தவ வரலாற்று ஒன்றியம் 7. கூட்டினால் சரியாக 50. நூறு பேர் அவையில் பாதிதான், பெரும்பான்மை இல்லை. சிறிய கிறிஸ்தவக் கட்சிகளின் ஆதரவை நம்பியே அந்த அரசு நின்றது. வாக்குப்பதிவுக்கும் பதவியேற்புக்கும் இடையே இரண்டு மாதங்களுக்கும் மேல் ஆகிவிட்டது. இன்று அதைப் பார்த்து நெதர்லாந்துக்காரர்கள் சிரிக்கக்கூடும். 2021 தேர்தலுக்குப் பின் அமைச்சரவை அமைவதற்கு 299 நாட்கள் பிடித்தன. தற்செயலாக அந்தத் தேர்தலிலும் அவைக்குள் வந்த கட்சிகள் 17.

1918க்குப் பிறகு நடந்த எந்தத் தேர்தலிலும் எந்தக் கட்சியும் தனிப் பெரும்பான்மை பெறவில்லை. 1956இல் அவை 150 இடங்களாக விரிந்த பின் ஒரு கட்சி பெற்ற அதிகபட்சம், 1986, 1989 தேர்தல்களில் கிறிஸ்தவ ஜனநாயக முறையீட்டுக் கட்சி பெற்ற 54 இடங்கள். ஆகவே ஒவ்வொரு பிரதமரும் பிற கட்சிகளோடு பேசி, எழுதி, கையெழுத்திட்ட உடன்பாட்டின் மேல் உட்கார்ந்தவரே. இது நாட்டைச் செயலிழக்கச் செய்யும் என்று 1918 முதலே எச்சரிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அதே முதல் கூட்டணி அரசுதான் 1919இல் எட்டு மணி நேர வேலைநாளைச் சட்டமாக்கியது. 1920இல் பள்ளிக்கூடச் சட்டத்தை நிறைவேற்றி அரைநூற்றாண்டுச் சண்டையை முடித்தது. பெரும்பான்மை இல்லாதது வேலையைத் தாமதப்படுத்துகிறதே தவிர, தடுத்துவிடுவதில்லை என்பதற்கு அந்த இரண்டாண்டுகளையே சான்றாகக் காட்டலாம்.

விகிதாசார முறையை மாற்ற வேண்டும் என்ற குரல் 1960களில்தான் வலுவாக எழுந்தது. 1966இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கப்பட்ட டி66 என்ற கட்சி, உறுப்பினர்கள் மாவட்டவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவற்றையே தன் முதல் கோரிக்கைகளாக வைத்தது. இரண்டும் நடக்கவில்லை. விகிதாசார முறை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால், அதை மாற்ற இரு அவைகளும் ஒரு முறை ஒப்புக்கொண்டு, இடையில் ஒரு பொதுத்தேர்தல் நடந்து, மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு கட்சிகள் தம்மையே அழித்துக்கொள்ளும் மசோதாவுக்குக் கைதூக்குவது எளிதன்று. டி66 கட்சியோ அந்த முறைக்குள்ளேயே ஏறியும் இறங்கியும் வந்து, 2025 அக்டோபர் 29 அன்று நடந்த தேர்தலில் 150 இடங்களில் 26 பெற்று, அதே எண்ணிக்கையைப் பெற்ற சுதந்திரத்துக்கான கட்சியை வாக்கு எண்ணிக்கையில் சிறிதே முந்தி, முதலிடத்துக்கு வந்தது.